சித்தன்னவாசல் போகும் சாலை

மார்ச் 11, செவ்வாய்

ஓர் ஊரைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அங்கே குறைந்தபட்சம் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. தஞ்சாவூருக்கு வேலை நிமித்தமாகப் பலமுறை போயிருக்கிறேன். பெரிய கோயிலைப் பார்த்தது பேருந்து ஜன்னல் வழியாக, அதுவும் டயர் பஞ்சரான புண்ணியத்தில். மதுரையில் ஒரு கருத்தரங்கு முழுவதும் மேடைத் திரையைப் பார்த்தேன். கன்னியாகுமரியில் சூரியன் உதித்ததாகச் சக ஆசிரியர்கள் சொன்னார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இம்முறை புதுக்கோட்டை. ஊருக்கு வெளியே உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழுவில் ஒருத்தியாக வந்திருக்கிறேன். கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. ஆய்வு முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. நாட்குறிப்பு வெளி ஆகாதுதான். ஆனாலும் நான் விதிப்படி நடப்பவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது.

குழுவில் மூவர். ஒருவர் காய்ச்சல் என்று வரவில்லை. மீதி நானும் தலைவர் டாக்டர் குலசேகரனும். அவர் நேற்றே வந்து இரண்டு கோயில் பார்த்துவிட்டார். திருச்சி ஜங்ஷனில் என்னை அழைத்துப்போக வந்தவர் நாகஜோதி. கட்டடவியல் துறையின் உதவிப் பேராசிரியர். முப்பதை ஒட்டிய வயது, பெரிய பூங்கொத்து, சின்னச் சிரிப்பு. ஆய்வு முடியும்வரை என்னைக் கவனித்துக்கொள்வதுதான் அவருக்கு வேலையாம். ஓட்டுநர் செபஸ்தியான்.

காரில் ஏறியதும் சித்தன்னவாசல் பார்க்க வேண்டும் என்றேன். சமணர் குகை, மேற்கூரையில் தாமரைக் குளம் ஓவியம். பள்ளிப் பாடப்புத்தகத்தில் தீப்பெட்டி அளவில் மங்கலாக அச்சாகியிருந்தது. அதைக் கொஞ்சம் பெரிதாகப் பார்த்துவிட்டால் இந்த ஊர்க் கணக்கு முடிந்தது. செபஸ்தியான் கண்ணாடி வழியாக நாகஜோதியைப் பார்த்தார்.

“பாக்கலாம் மேடம்” என்றார் நாகஜோதி.

இந்தப் ‘பாக்கலாம்’ எனக்கு நன்றாகத் தெரியும். மாணவர்களிடம் நானே சொல்வதுதான்.

அறையில் பிளாஸ்டிக் உறை போட்ட பழக்கூடை. ஆப்பிள்களுக்கு ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. பிரிக்காமல் மேசை மேலேயே வைத்தேன், நேர்மைக்கு அடையாளமாக. சாப்பாட்டுக்குப் பிறகு உறையில் ஓர் ஓட்டை போட்டு ஒரு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

காலை முழுக்கக் கல்லூரியின் பெருமையைத் திரையில் காட்டினார்கள். மகளிர் விடுதிக்கு மட்டும் தனியாகப் பன்னிரண்டு படங்கள். ஊரின் மறுபக்கம் இருப்பதால் நேரில் போக நேரம் விரயமாகும் என்று முதல்வர் சொன்னார். குலசேகரன் “படமே போதும்” என்று தலையாட்டினார். நானும் ஆட்டியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். முன் வரிசையில் உட்கார்ந்தால் தலை தானாக ஆடும்.

மதியச் சாப்பாட்டில் எத்தனை வகை என்று எண்ணவில்லை. எண்ணினால் எழுத வேண்டிவரும். பாயசம் வரும் சமயம் மறுபடி சித்தன்னவாசலைப் பற்றிக் கேட்டேன். முதல்வர், ஓவியத்தைச் சுத்தம் செய்வதால் மூடியிருக்கிறார்கள் என்றார். ஆபீஸ் சூப்பிரண்டு அடைக்கலம், மழைநீர் வடிகாலுக்காக அன்னவாசல் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார். தாளாளர் கையை அலம்பிக்கொண்டே வந்து, “அங்க தேனீ ஜாஸ்தி மேடம். போன வாரம் ஒரு ஃபேமிலியையே கொட்டிருச்சு” என்றார்.

மூன்று பேர், மூன்று காரணம். எந்தக் கூற்றுக்கும் சான்று கேளுங்கள் என்று முதலாமாண்டு வகுப்பில் வருடா வருடம் முழங்குகிறவள் நான். மூன்றையும் நம்பினேன். தேனீ கொட்டினால் என்ன தடவ வேண்டும் என்று போனில் தேடிக்கூடப் பார்த்தேன்.

மாலை திருக்கோகர்ணம் கோயில். எனக்குக் கடவுள் விஷயத்தில் தீர்மானமான கருத்து எதுவும் கிடையாது. கூட்டத்தைப் பற்றி உண்டு. குலசேகரன் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்துகொண்டிருந்தார். அவருக்குக் குடும்பம் பெரியது. அருகே நாகஜோதி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். தேர்வு எழுதுகிறவர்களின் முகம். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். யாரிடமும் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. அர்ச்சனை நீண்டுபோனதுதான் காரணம்.

சொன்னார். தர்மபுரி அரசு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர் வேலை கிடைத்திருக்கிறது. வரும் திங்கட்கிழமைக்குள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். சான்றிதழ்கள் கல்லூரி பீரோவில் இருக்கின்றன. வேலைக்குச் சேரும் அன்றே பத்தாம் வகுப்பிலிருந்து எம்.இ. வரைக்கும் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். நாங்கள் பத்திரமாக வைத்திருப்போம் என்று மாமியார் நகையை வாங்கி வைத்துக்கொள்கிற மாதிரி. பாதியில் வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. இதற்கு முன் விலகிய இரண்டு பேர் இன்னும் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து வாசலில் நிற்கிறார்களாம்.

“நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேன் மேடம். இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியா முடியட்டும்மா, பாத்துக்கலாம்னாரு கரஸ்பாண்டென்ட்.”

என் மனத்தை இளக்க அனுப்பிவைத்த கதையோ என்று முதலில் நினைத்தேன். சந்தேகப்படுவது என் தொழில். தேனீயிடம் காட்டாத சந்தேகத்தை இந்தப் பெண்ணிடம் காட்டினேன். நியமன ஆணையைப் போனில் காட்டினார். கேட்காமலே காட்டினார். அது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

குலசேகரன் மாலையும் சால்வையுமாக வந்தார். எனக்கும் ஒரு சால்வை. இந்த வெயிலில் சால்வை போர்த்துகிறவர்களை ஆய்வு செய்யத் தனிக் குழு வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

ஆய்வகங்கள். நான் கான்கிரீட்டில் முனைவர் பட்டம் வாங்கியவள். அதன் பயன் இன்று கிடைத்தது, ஒரு நிமிடம் போல.

பொருள் வலிமை ஆய்வகத்தில் இரும்புக் கம்பியை இழுத்து ஒடித்துச் சோதிக்கும் பெரிய இயந்திரம் நின்றது. புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாங்கி நான்கு வருடம் ஆகிறது என்றார் முதல்வர். அடியில் இருந்த தளம் என்னைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தது. குனிந்து பேனா முனையால் அழுத்தினேன். உள்ளே போயிற்று. நேற்றைக்கோ முந்தாநாளோ போட்ட கான்கிரீட். இயந்திரம் எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கியிருக்கிறது. திரும்பிப் போகும்போது தளத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

முதல்வர் என் பேனாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு அது எழுதவில்லை.

மாலையில் திருமயம் கோட்டை. முழங்கால் வலி என்று குலசேகரன் கீழேயே கரும்புச்சாற்றுக் கடையில் உட்கார்ந்துவிட்டார். நானும் நாகஜோதியும் பாறையில் ஏறினோம். எனக்கும் முழங்கால் உண்டு. ஆனால் ஊர் பார்க்க வந்தவள் என்று வெளியே சொல்லிவிட்டபின் ஏறாமல் இருக்க முடியாது.

பாதி வழியில் அவர் கேட்டார்:

“அந்த மெஷின பத்தி எழுதுவீங்களா மேடம்?”

“எழுதுவேன்.”

“எழுதினா எனக்கு சர்டிபிகேட் வராது.”

“தெரியும்.”

இன்னும் கொஞ்ச தூரம் ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு வாங்கவில்லை.

“எழுதலேன்னாலும் வராது மேடம். அடுத்த வருசம் இன்னொரு இன்ஸ்பெக்‌ஷன் வரும்ல. அதான் வயித்தெரிச்சல்.”

உச்சியில் பீரங்கியின் அருகில் உட்கார்ந்தோம். அங்கேதான் சித்தன்னவாசல் சமாச்சாரம் வெளியே வந்தது. தேனீயும் இல்லை, தோண்டிய சாலையும் இல்லை. குகை நாள் தவறாமல் திறந்துதான் இருக்கிறது. அங்கே போகும் சாலையில்தான் மகளிர் விடுதி இருக்கிறது. அதாவது இருக்க வேண்டும். அந்தக் கட்டடம் தாளாளருடைய மைத்துனரின் கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஒரு நாளில் கட்டில்களை வாடகைக்கு எடுத்துப் போட்டு, மாணவிகளை உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

“நீங்க கார்ல சித்தன்னவாசல்னு சொன்ன அன்னைக்கே மீட்டிங் போட்டுட்டாங்க மேடம். கோயம்புத்தூர்லேருந்து வந்த அம்மா எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு, சாமர்த்தியமா சுத்தி வளைச்சுக் கேக்குறாங்கன்னு.”

எனக்குச் சாமர்த்தியம் உண்டு என்று என் வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் தீர்மானம் ஆனது அதுவே முதல்முறை. அதுவும் பாடப்புத்தகப் படம் ஒன்றைப் பெரிதாகப் பார்க்க ஆசைப்பட்டதற்கு.

“சூப்பிரண்டு சாரு பாவம்” என்றார். சிரித்துவிட்டார். “விடுதி போர்டு எழுதி பீரோவுக்குப் பின்னாடி வச்சிருக்காரு. உங்க கார் அந்தப் பக்கம் திரும்புனா குறுக்கால பைக்குல போயி அவருதான் மாட்டணும். பீரோ சாவியும் அவருகிட்டத்தான். அவரு நகர்ந்தா ஆபீஸ்ல ஒரு வேலையும் ஓடாது.”

இறங்கும்போது, அவருடைய வேலை விஷயத்தில் என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னேன். நான் வந்தது கட்டடத்தையும் கருவிகளையும் ஆசிரியர் தகுதியையும் பார்க்க. தனிப்பட்ட விஷயங்களில் தலையிட விதியில் இடமில்லை. அவர் “தெரியும் மேடம்” என்றார். என் கைப்பையை வாங்கிக்கொண்டார், நான் தடுமாறியதால்.

நான் சொன்னது சரிதான். எந்தப் பக்கம் இருந்து யோசித்தாலும் சரிதான்.

மார்ச் 14, வெள்ளி, காலை

நன்றாகத் தூங்கினேன். விதிக் கையேட்டைச் சும்மா ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். மாலை வெயில் இருக்கும், பேருந்து நிலையத்தில் நிறுத்தித் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம், பாட்டில் வைக்கக் கொஞ்சம் பெரிய பையாக எடுத்து வாருங்கள் என்று நாகஜோதிக்குச் செய்தி அனுப்பினேன்.

மார்ச் 14, வெள்ளி, மாலை

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பின்னால் யாராவது கேட்டால் உதவும்.

இன்று குழு தன் அறிக்கையை எழுத வேண்டிய நாள். குலசேகரன் ஏற்கெனவே பாதியை எழுதியிருந்தார், நேற்றைய சாப்பாட்டு மேசையில். நான் கையேட்டைத் திறந்து, ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைக் குழு நேரில் பார்க்க வேண்டும் என்றிருக்கிறதே, அது பாக்கி என்றேன்.

“போன வருசமே பாத்தாச்சேம்மா. நகல் ஃபைல் இருக்கே” என்றார் குலசேகரன்.

நகல் செல்லாது, ஒவ்வொரு ஆசிரியரும் தம் அசலைத் தம் கையில் எடுத்துக்கொண்டு குழுவின் முன் வர வேண்டும் என்று விதி சொல்கிறது என்றேன். ‘தம் கையில்’ என்பது கையேட்டில் இல்லை. ‘ஆசிரியர் நேரில் சமர்ப்பிக்க’ என்றுதான் இருக்கிறது. கையில் எடுத்துக்கொள்ளாமல் எப்படிச் சமர்ப்பிப்பது?

தாளாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஈரத் தளத்துக்கு இது பரவாயில்லை என்று கணக்குப் போட்டிருப்பார். “அதுக்கென்ன மேடம், தாராளமா” என்றார். அடைக்கலம் பீரோவைத் திறந்தார். மதியத்துக்கு மேல் முதல்வர் அறையில் தொடங்கினோம். தாழ்வாரத்தில் ஆசிரியர்கள் வரிசையாக நின்றார்கள். அடைக்கலம் வாசலில் ஸ்டூல் போட்டுக்கொண்டு, உள்ளே போகிறவரிடம் உறையைக் கொடுத்தார், வெளியே வருகிறவரிடம் திரும்ப வாங்கினார். மருத்துவமனையில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பதுபோல் ஒழுங்காக நடந்தது.

நான் எதிர்பார்க்காதது, உள்ளே வந்தவர்களின் முகம். தங்கள் சான்றிதழைப் பார்த்துப் பல வருடம் ஆனவர்கள். கணிதத் துறையில் ஒரு பெரியவர், ராசப்பா என்று பெயர், தம் பட்டத்தை மேசையில் வைக்காமல் நின்றுகொண்டே படித்தார். பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் மேடம் என்றார். சரியாகத்தான் இருந்தது. அவர் வெளியே போனதும் அடைக்கலம் கை நீட்டுவது கதவிடுக்கில் தெரிந்தது. நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

துறைவாரியாக, கட்டடவியலை நடுவில் வைத்தேன். காரணம் அகர வரிசை இல்லை. வேறு எந்த வரிசையும் இல்லை. வைத்தேன், அவ்வளவுதான். நாகஜோதி உள்ளே வந்தார். எல்லாம் சரியாக இருந்தன, பத்தாம் வகுப்பிலிருந்து. கணிதத்தில் நூற்றுக்கு நூறு. பார்த்து முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணி ஆகப் போகிறது என்றும், மீதிப் பேரைத் தலைவர் பார்த்துக்கொள்வார் என்றும், நான் இப்போதே சித்தன்னவாசல் கிளம்புகிறேன் என்றும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். குலசேகரனுக்குக் காது மந்தம் இல்லை. ஆனால் பக்கத்து அறையில் தாளாளர் இருந்தார்.

“அன்னவாசல் ரோட்டுலதானே போகணும்? அப்படியே வழியில எது இருந்தாலும் பாத்துட்டு வந்துர்றேன்” என்றேன்.

பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. தாளாளர் வாசலுக்கு வந்து அடைக்கலத்தை ஒரே ஒரு பார்வை பார்த்தார். அடைக்கலம் ஸ்டூலை விட்டு எழுந்து ஓடினார். ஐம்பது வயதுக்காரர், நல்ல ஓட்டம். பீரோவின் பின்னாலிருந்து எதையோ உருவிக்கொண்டு போவது தெரிந்தது. போர்வை சுற்றியிருந்தது.

தாளாளர் நாகஜோதியை ஓரமாக அழைத்து, என்னை எப்படியாவது கொஞ்ச நேரம் ஊருக்குள்ளே சுற்றவைக்கச் சொன்னார். தாழ்ந்த குரல்தான். பதற்றத்தில் இருப்பவர்களின் தாழ்ந்த குரல் எல்லோருக்கும் கேட்கும். நாகஜோதி உறையைப் பெரிய பைக்குள் வைத்துக்கொண்டு என்னோடு காரில் ஏறினார். யாரும் கை நீட்டவில்லை. நீட்ட வேண்டியவர் பைக்கில் இருந்தார்.

ஊருக்குள் வந்ததும் எனக்குத் தாகம் எடுத்தது. புதிய பேருந்து நிலையத்தின் எதிரே நிறுத்தச் சொன்னேன். நாகஜோதி தண்ணீர் வாங்கி வருவதாக இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார்.

“மேடம்” என்றார்.

“வெயில்ல நிக்காதீங்க” என்றேன். வேறு என்ன சொல்வது? வேறு எதுவும் எனக்கு வராது.

நிலைய வாசலில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் சூட்கேஸோடு நின்றிருந்தார். நாகஜோதியின் மூக்கு அவருக்கும் இருந்தது. இருவரும் சேலம் பேருந்துகள் நிற்கும் பக்கம் போனார்கள். தண்ணீர்க் கடை இந்தப் பக்கம் இருந்தது.

செபஸ்தியான் என்ஜினை அணைத்தார். வானொலியைப் போட்டார். அணைத்தார்.

“வரமாட்டாங்க மேடம்” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“எந்தங்கச்சி சர்டிபிகேட்டும் அந்த பீரோவுலதான் இருந்துச்சு. இவங்க நர்சிங் காலேஜும் நடத்துனப்போ.” சாவியைத் திருகினார். “மெதுவா ஓட்டச் சொல்லியிருக்காங்க. எப்படி ஓட்டட்டும்?”

உங்கள் இஷ்டம் என்றேன். வேகமாகவே ஓட்டினார்.

மண்டபம் வந்தது. வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், மணமக்கள் பெயர் எழுதிய பூ அலங்காரம். அதன் நடுவே ஏணி போட்டு அடைக்கலம் ஏறி நின்றார், ‘மகளிர் விடுதி’ என்ற பலகையை ‘நல்வரவு’ மேல் கட்டிக்கொண்டு. ஏணியைப் பிடித்திருந்தவர் மாப்பிள்ளைத் தோழன்போல் இருந்தார். பெண் வீட்டார் யாரோ அடைக்கலத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். காரை நிறுத்தச் சொன்னேன். போனில் ஒரு படம் எடுத்தேன். அடைக்கலம் என்னைப் பார்த்து ஏணி மேலிருந்தே வணக்கம் சொன்னார். இரண்டு கையாலும். பலகை சாய்ந்தது.

அறிக்கையில் விடுதியை நேரில் பார்வையிட்டதாக எழுதலாம். பொய் இல்லை.

அதன் பிறகு சித்தன்னவாசல். டிக்கெட் கொடுப்பவர் மூடப் போகிறோம் என்றார். ஏறினேன். குகைக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். பச்சையாக ஏதோ இருந்தது. அதற்குப் பக்கத்தில் வேறு பச்சை. தாமரை, மீன், யானை, பூப்பறிக்கும் ஆட்கள், எல்லாம் அங்கே இருப்பதாகப் படித்திருக்கிறேன். சற்று நேரம் கழித்துத்தான், என் மூக்கின் மேல் இருப்பது படிக்கிற கண்ணாடி என்றும், தூரப்பார்வைக் கண்ணாடி முதல்வர் மேசையில் சான்றிதழ்களோடு கிடக்கிறது என்றும் விளங்கியது. வழியில் பார்த்த மூக்கு, ஏணி, பலகை எல்லாம் பெரியவை, அதனால் அதுவரை உறைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். பச்சை இன்னும் பெரிய பச்சையானது. காவலாளி, “நல்லாத் தெரியுதாம்மா?” என்று பரிவோடு கேட்டார். நல்லாத் தெரியுது என்றேன்.

ஆக, சித்தன்னவாசலைப் பார்த்துவிட்டேன்.

கல்லூரிக்குத் திரும்பி வந்தபோது முதல்வரும் குலசேகரனும் கிளம்பிப் போயிருந்தார்கள். கண்ணாடியைக் காவலர் எடுத்துக் கொடுத்தார். அறிக்கையில் நாளைக் காலை கையெழுத்து. நாளை நடக்கப்போவதை இப்போதே எழுதிவிடலாம். நாகஜோதி சான்றிதழோடு போய்விட்டது தெரிந்திருக்கும். தாளாளர் கத்துவார். பல்கலைக்கழகத்துக்குப் புகார் போகும். தர்மபுரிக்கும் ஆள் போகலாம். குலசேகரன் என்னைப் பார்த்து “உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்” என்பார். இனி எந்தக் குழுவிலும் என்னைப் போடமாட்டார்கள். ஊர் பார்ப்பது இத்தோடு சரி.

பழக்கூடையைப் பிரித்தேன். ஆப்பிள் மாவாக இருந்தது.

மார்ச் 15, சனி

நடந்தது இதுதான்.

காலையில் செபஸ்தியான் அழைத்துப்போக வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. நாகஜோதியும் அவர் அப்பாவும் தர்மபுரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக அவராகவே சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை.

கல்லூரியில் யாரும் கத்தவில்லை. தாழ்வாரத்தில் அடைக்கலம் காலியான ஒரு பெரிய ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு துறை துறையாகப் போய்க்கொண்டிருந்தார். முதலில் எனக்குப் புரியவில்லை. நேற்று அவர் பைக்கில் போன பிறகு, குலசேகரன் மீதிப் பேரின் சான்றிதழ்களைச் சரசரவென்று பார்த்து அனுப்பியிருக்கிறார். தாளாளரும் முதல்வரும் மண்டபத்துக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்ததில், வாசலில் வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஸ்டூல் மட்டும் இருந்திருக்கிறது. ஆசிரியர்கள் ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய்விட்டார்கள். முன்பே கொடுத்துவிட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. ராசப்பா திரும்பி வந்து, தம் பெயரை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று குலசேகரனிடம் சொல்லி, திறந்து கிடந்த பீரோவிலிருந்து தம் உறையைத் தாமே எடுத்துக்கொண்டாராம். அவருக்குப் பின்னால் மற்றவர்களுக்கும் தம் தம் பெயரில் சந்தேகம் வந்திருக்கிறது.

இன்று எல்லோரும் வேலைக்கு வந்திருந்தார்கள், ஒரே ஒருவரைத் தவிர. சான்றிதழ்கள்தான் வரவில்லை. லாமினேட் பண்ணக் கொடுத்திருக்கிறேன் என்றார் ஒருவர். அம்மாவிடம் காட்ட ஊருக்குக் கொண்டுபோனேன், அங்கேயே இருக்கிறது என்றார் இன்னொருவர். இயற்பியல் பெண் ஒருவர், வீட்டில் கரையான், பரணில் பத்திரமாக வைத்திருக்கிறேன், இறக்க ஏணி இல்லை என்றார். அடைக்கலம் ஏணி என்ற சொல்லுக்குக் கொஞ்சம் துள்ளினார். எல்லாவற்றையும் அவர் நம்பியதுபோல்தான் இருந்தது. நம்பாமல் என்ன செய்வார்.

அறிக்கையில் தளத்தையும் மண்டபத்தையும் எழுதினேன். படத்தை இணைத்தேன். குலசேகரன் என்னைக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. உறுப்பினரின் கருத்தோடு தாம் உடன்படவில்லை என்று தனியாக ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் என் பக்கம் குனிந்து, தம் மகளின் சான்றிதழும் இப்படி ஒரு கல்லூரியில்தான் இருக்கிறது என்று மெல்லச் சொன்னார். உடன்படாத வரியை அடிக்கவில்லை.

கிளம்பும்போது தாளாளர் கார்வரைக்கும் வந்தார். ஒரே நாளில் ஆள் கொஞ்சம் சுருங்கிவிட்டதுபோல் இருந்தார்.

“அந்தப் பொண்ணு நாகஜோதி எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?”

“தண்ணி வாங்கப் போனாங்க சார்.”

மேலே ஏதோ கேட்க வந்தவர், ஆசிரியர் அறைப் பக்கம் திரும்பினார். அங்கே எல்லோரும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. அவரைக் கண்டால் எழுந்து நிற்பது அங்கே வழக்கம் என்று முதல் நாளே கவனித்திருந்தேன்.

தாளாளர் அடைக்கலத்தைக் கூப்பிட்டார்.

“ஸ்டாஃப் எல்லாருக்கும் காபி சொல்லுய்யா” என்றார். “சக்கரை யாருக்கு வேணும், யாருக்கு வேணாம்னு கேட்டுச் சொல்லு.”